ஆயாவின் பழைய வீட்டை வி.ஆரில் கட்டலாமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "எங்கள் ஆயாவுக்கு 84 வயது. கேட்டோ மேனரில் தகரமும் பலகையுமாய்க் கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் அந்த வீடு போய், 1960களில் இங்கே வந்து சேர்ந்தார். இப்போது மறதி நோய் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் கேம் வடிவமைப்பு படிக்கும் என் தங்கை, பழைய வீட்டை வி.ஆரில் (கண்ணாடி மாட்டினால் சுற்றிலும் தெரியும் மெய்நிகர் உலகில்) கட்டி ஆயாவை அதற்குள் கூட்டிப்போகலாம் என்கிறாள். அவருக்கு ஞாபகம் திரும்புமா? இல்லை, இருக்கிற ஞாபகத்தையும் அது கெடுத்துவிடுமா?"

தம்பி, இரண்டும் நடக்கலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வி.ஆரில் பார்த்ததை மூளை 'போய் வந்தேன்' என்கிற கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறது. அதனால்தான் அது பழையதைக் கிளறுகிறது. அதனாலேயே பழையதன் இடத்தில் உட்கார்ந்தும் கொள்கிறது. ஆகவே தங்கையைக் கட்டச் சொல்லுங்கள். ஆனால் ஆயா வாயால் சொல்லக்கூடியதை முழுக்கப் பதிவு செய்து முடிக்கும்வரை அந்தக் கண்ணாடியை அவர் கண்ணில் காட்டாதீர்கள். இந்த வரிசை மாறிவிட்டால், பிறகு எந்த மென்பொருளாலும் சரி செய்ய முடியாது. டர்பனில் வயதானவர்களின் மறதியோடு வேலை செய்கிறவன் நான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கசப்பான பகுதியை முடித்துவிடலாம். வி.ஆர். இந்த நோயைப் பின்னுக்குத் தள்ளாது. முதியோரிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மனநிலை கொஞ்சம் தெளிகிறது, பேச்சுக் கூடுகிறது என்ற அளவில்தான் அவற்றை நம்பலாம். அழிந்த நரம்பணுக்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் உங்கள் ஆயா விஷயத்தில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. மறதி அண்மைக் காலத்தில் தொடங்கிப் பின்னோக்கித்தான் அரிக்கும். பிரான்சில் தியோடூல் ரிபோ என்பவர் 1881இலேயே இதை எழுதிவிட்டார். காலையில் மாத்திரை போட்டது மறந்துபோகும். எழுபது வருஷத்துக்கு முன்னால் யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்தோம் என்பது நிற்கும். தவிர, வயதானவர்கள் யாரைப் பேசச் சொன்னாலும் அதிகம் வருவது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான். உங்கள் ஆயாவுக்கு அதில் பாதிக்கு மேல் கேட்டோ மேனரில் கழிந்திருக்கிறது. தங்கை சரியான ஊரைத்தான் பிடித்திருக்கிறாள்.

ஊரைப் பிடித்ததும் சரியான வழிதான். மூளையின் ஆழத்தில் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புது நினைவுகள் பதிவதற்கு அது வேண்டும். அதே பகுதிதான் 'நான் எங்கே நிற்கிறேன்' என்பதற்கும் கணக்கு வைக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் அங்கே கண்டார். அதை ஒட்டிய பகுதியில், தரையையே கட்டம் போட்டு அளக்கிற மாதிரி துடிக்கும் அணுக்களை 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் காட்டினார்கள். மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் கிடைத்தது. சரி, எலிக்கு உண்டு, நமக்கு? 2003இல் ஒரு குழு, வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்தது. திரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் டாக்சி ஓட்டிப் பயணிகளை இறக்கிவிட வேண்டும். அந்த ஊரின் குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போது மட்டும் துடிக்கும் அணுக்கள் அவர்களிடமும் இருந்தன. மனிதனின் இட அணுக்களை அறிவியல் அப்படிப் பிடித்ததே, இல்லாத ஓர் ஊருக்குள் வைத்துத்தான்.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். ஹிப்போகாம்பஸ் பழுதான சிலரிடம் 2007இல் லண்டனில், 'வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றி என்ன இருக்கிறது?' என்று கேட்டார்கள். அவர்களால் அந்தக் காட்சியைக் கட்டவே முடியவில்லை. வானம், மணல், ஏதோ சத்தம் என்று துண்டுதுண்டாக வந்தது. ஓர் இடமாகச் சேரவில்லை. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் டெமிஸ் ஹஸாபிஸ், பின்னாளில் செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய் 2024இல் வேதியியல் நோபல் வாங்கினார். அது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: பழையதை நினைப்பதும் இல்லாததைக் கற்பனை செய்வதும் ஒரே பட்டறை வேலை. இரண்டுக்கும் முதலில் ஓர் இடம் எழும்ப வேண்டும். மறதி தொடங்கியவருக்கு அந்த இடத்தை எழுப்புவதே பாரம். அதை நாம் வெளியிலிருந்து எழுப்பிக் கொடுத்தால் மிச்சம் தானாக வரலாம் என்பதுதான் உங்கள் தங்கையின் உள்ளுணர்வு. அதில் நியாயம் இருக்கிறது.

இடம் கொடுத்தால் நினைவு பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அளவுகளும் உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 40 பேரை ஒரு மெய்நிகர் அரண்மனையில் பிரபலங்களின் முகங்களை இடம் வைத்து நினைவில் கொள்ளச் சொன்னார்கள். வி.ஆர். கண்ணாடியான ஹெட்செட்டைப் போட்டபோது, சாதாரண கம்ப்யூட்டர் திரையில் பார்த்ததைவிட 8.8 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. 2018இல் வந்த முடிவு இது. ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் 2019இல் ஒரு மோட்டார் சைக்கிள் பயணத்தைச் சிலருக்குத் தட்டையான வீடியோவாகவும் சிலருக்கு வி.ஆரிலும் காட்டினார்கள். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் சோதித்தபோது வி.ஆர். ஆட்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள். அவர்களுடைய மூளை அதைத் தன் சொந்த வாழ்க்கை அனுபவம் மாதிரி வைத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆனால் கலிபோர்னியாவில் மயங்க் மேத்தா என்பவரின் ஆய்வகம் எலிகளை மெய்நிகர் அறையில் ஓடவிட்டுப் பார்த்தபோது வேறொன்றும் தெரிந்தது. நிஜ அறையில் வேலை செய்யும் ஹிப்போகாம்பஸ் அணுக்களில் ஏறக்குறைய 60 சதவீதம் அங்கே அணைந்துபோயின. கண்ணுக்கு அறை இருக்கிறது. காலுக்கும் மூக்குக்கும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கும் அறை இல்லை. உங்கள் ஆயாவுக்கும் இதுதான் நிலைமை: கண்ணுக்குக் கேட்டோ மேனர், மற்றதுக்கெல்லாம் சாட்ஸ்வொர்த் வீட்டு ஹால். அதனால் கேம் கட்டும் மென்பொருளில் இலைகளை அசையவைக்கச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை மூக்குக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். வாசனை மட்டும்தான், மற்ற புலன்கள் முதலில் நின்று போகும் தாலமஸ் என்கிற நிலையத்தில் நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு நேராகப் போகிறது. விறகுப் புகை, மண்ணெண்ணெய் அடுப்பு, கற்பூரம், வறுத்த மல்லி, இதற்கெல்லாம் புரோகிராம் எழுத வேண்டியதில்லை. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் வாங்கிய மசாலாப் பொட்டலம் ஒன்றை ஆயா பக்கத்தில் திறந்து வையுங்கள், போதும்.

இனிக் கெடுதலின் பக்கம். இதில்தான் அதிகம் நிற்கப்போகிறேன்.

நினைவு என்பது அலமாரியில் வைத்த ஆல்பம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அது ரசம் வைப்பது மாதிரி. ஒவ்வொரு தடவையும் புதிதாக வைக்கிறோம். சாமான் பழகியது, கை பழகியது, ஆனால் இன்றைக்கு வீட்டில் என்ன இருக்கிறதோ அதுவும் உள்ளே போய்விடும். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே இதைக் காட்டினார். தமக்குப் பழக்கமில்லாத ஒரு செவ்விந்தியக் கதையைப் படித்தவர்கள், திரும்பத் திரும்பச் சொல்லும்போது புரியாததை விட்டுவிட்டு, தங்கள் ஊர் வழக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டே போனார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

வெளியிலிருந்து ஒரு சொல் விழுந்தாலே போதும். 1974இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டுச் சிலரிடம் 'கார்கள் இடித்தபோது என்ன வேகம்?' என்றும், சிலரிடம் 'கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, 'கண்ணாடி உடைந்து கிடந்ததா?' என்று கேட்டபோது முதல் கூட்டத்தில் 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவது கூட்டத்தில் 50 பேரில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லுக்கே இப்படி என்றால் படத்துக்கு? 2002இல் 20 பேரிடம் அவர்களுடைய சொந்தக் குழந்தைப் பருவப் புகைப்படங்களோடு, வெப்பக்காற்று பலூனில் அவர்கள் பறப்பது போல ஒட்டுவேலை செய்த படம் ஒன்றையும் கலந்து காட்டினார்கள். சில நேர்காணல்கள் முடிவதற்குள் பாதிப் பேருக்கு அந்தப் பலூன் பயணம் கொஞ்சமாவது ஞாபகம் வந்துவிட்டது. நடக்காத பயணம் அது.

வி.ஆர். இதற்கும் ஒரு படி மேலே. ஸ்டான்ஃபோர்டில் கேத்ரின் செகோவியாவும் ஜெரமி பெய்லன்சனும் 2009இல் குழந்தைகளுக்கு, அவர்களே திமிங்கிலங்களோடு நீந்துவது போல வி.ஆரில் காட்டினார்கள். சில நாள் கழித்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர் தாங்கள் நிஜமாகவே நீந்தியதாகச் சொன்னார்கள். கதையாகக் கேட்டதோடு நின்ற பிள்ளைகளிடம் அது அவ்வளவு இல்லை. அதைவிடப் புதிய செய்தி: அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் லாஃப்டஸும் சேர்ந்து 200 பேரிடம் செய்த ஆய்வில், ஏஐ மாற்றிய புகைப்படங்களை ஏஐ வீடியோவாகவும் ஆக்கிக் காட்டியபோது பொய் நினைவுகள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆயின.

உங்கள் ஆயா குழந்தை இல்லைதான். ஆனால் 'இதை நான் எங்கே பார்த்தேன், நடந்ததா, டிவியில் பார்த்ததா, மகள் சொன்னதா' என்று ஒரு நினைவின் ஊற்றுக்கண்ணைச் சரிபார்க்கும் திறமை வயதாக ஆக முதலில் தளர்கிற ஒன்று. மறதி நோயில் அது இன்னும் சீக்கிரம் போகும். ஆக, மாமரம் வாசலின் இடப்பக்கம் இருந்தது என்று ஆயா சொல்ல, தங்கையின் மாடலில் அது வலப்பக்கம் நின்றால், இரண்டு மாதத்தில் ஆயாவும் வலப்பக்கம் என்பார். உறுதியாகச் சொல்வார். அதற்குப் பிறகு உண்மை எந்தப் பக்கம் என்று கேட்க ஆளில்லை. வீட்டை ஏற்கனவே புல்டோசர் எடுத்துவிட்டது. அது மிச்சமிருந்த ஒரே இடம் அவர் தலைதான்.

அதனால்தான் முதலில் பதிவு. இதற்கு வி.ஆரைவிடப் பழைய, காசு செலவில்லாத முறை ஒன்று இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் எட்வர்ட் கைசல்மன், ரொனால்ட் ஃபிஷர் என்ற இரண்டு உளவியலாளர்கள் போலீசுக்காக ஒரு விசாரணை முறையை உருவாக்கினார்கள். சாட்சியைக் கேள்வியால் குடையாமல், மனதளவில் சம்பவ இடத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய் நிறுத்தி, அவரே சொல்ல விடுவது. சம்பவத்தைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வதும் அந்த முறையில் உண்டு. ஆயாவிடம் அதை விட்டுவிடுங்கள், குழம்பிப்போவார்.

வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்பது இப்படி இருக்கும்:

"ஆயா, வாசல் ரோட்டைப் பார்த்துத்தானே இருந்திச்சு?"

"ஆமாம்மா."

"பக்கத்துல வாழைத்தோட்டம் இருந்திச்சுல்ல?"

"இருந்திச்சு, இருந்திச்சு."

இதில் ஒரு தகவலும் இல்லை. பேத்தி ஆசையாகக் கேட்கிறாள், ஆயா ஆமாம் போடுகிறார், அவ்வளவுதான். மறதி தொடங்கியவர்கள் அதை மறைக்கக் கற்றுக்கொள்ளும் முதல் உத்தியே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வதுதான். மாற்றி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஆயா, பள்ளிக்கூடம் விட்டு வர்றீங்க. மேடு ஏறியாச்சு. இப்ப வீடு தெரியுது. என்ன தெரியுது, சொல்லுங்க." அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அரை நிமிஷம் ஒன்றும் வராது. நமக்குத்தான் அது நீளம். அவர் அந்த மேட்டில் நின்றுகொண்டிருப்பார். நாய் குரைத்தது என்பார், அல்லது சம்பந்தமே இல்லாமல் சித்தி ஒருத்தி திட்டியதைச் சொல்வார். திருத்தாதீர்கள், வழிக்குக் கொண்டுவராதீர்கள். "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும்.

சமையலறையைக் கேட்கும்போது வாயால் கேட்பதைவிடக் கையால் கேட்பது நல்லது. மேசைமேல் நாலைந்து தீப்பெட்டி, ஒரு டீத்தூள் டின், ஒரு கரண்டி வையுங்கள். 'இது அடுப்பு, மிச்சத்தை நீங்களே வையுங்க ஆயா' என்று விடுங்கள். தண்ணீர்க் குடம் எங்கே என்று வாயால் சொல்லத் தெரியாதவர், டின்னை எடுத்துச் சரியாகக் கதவுப் பக்கம் வைப்பார். மேலிருந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தங்கைக்குத் தேவையான வீட்டு வரைபடம் அதுதான்.

எந்த மொழியில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் குடியேறிய ரஷ்யர்களிடம் வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000இல் செய்த ஆய்வில், ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்யக் காலத்து நினைவுகளும், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் வாழ்ந்த காலத்து நினைவுகளும் அதிகம் வந்தன. நம் வீடுகளில் இப்போது ஆயாவிடமும் இங்கிலீஷில்தான் பேசுகிறோம். உங்களுக்குத் தமிழ் வருகிறது, நல்ல காலம். கேட்டோ மேனரைத் தமிழில் கேளுங்கள். சாட்ஸ்வொர்த்தை இங்கிலீஷில் கேட்டாலும் பரவாயில்லை. ஆயாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாராவது இருந்தால் அவர்களையும் கேளுங்கள். ஆனால் தனித்தனியாக, ஆயா சொன்னதை அவர்களிடம் சொல்லாமல். ஒன்றாக உட்காரவைத்தால் குரல் பெரியவரின் ஞாபகம்தான் எல்லோருக்கும் ஞாபகமாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கட்டட வேலை. 1930களிலிருந்தே இந்த நாட்டை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் கேப் டவுனின் மோப்ரேயில் இருக்கும் தேசிய நிலவரைபட அலுவலகத்தில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. கேட்டோ மேனரின் பழைய படத்தைக் கேட்டு வாங்கினால் பாதை, ஓடை, கூரைகளின் வரிசை கிடைக்கும். டர்பனின் 1860 ஹெரிடேஜ் சென்டரிலும், க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் விசாரியுங்கள். அப்புறம், பெல்லேர் ரோட்டில் அம்பலவாணர் ஆலயம் நிற்கிறதே. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் தொடங்கி, 1905 வெள்ளத்தில் போய், 1947இல் இப்போதைய இடத்தில் எழுந்த கோயில். சுற்றி இருந்த வீடுகள் போன பிறகும் அது நின்றது. அதை இன்றைக்கே போனில் படம் எடுத்து முப்பரிமாணமாக்கலாம். ஆயாவின் வீட்டிலிருந்து கோயில் எந்தப் பக்கம், நடந்தால் எவ்வளவு நேரம் என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து பிடி கிடைக்கும்.

தெரியாததைத் தெரியாததாகவே விடச் சொல்லுங்கள். இதில் நான் கறாராக இருப்பேன். கேம் படிப்பில் வெற்றிடம் என்றால் குறை. இங்கே வெற்றிடம்தான் நேர்மை. சாம்பல் நிறச் சுவராக, வெறும் கோட்டு வடிவமாக விட்டுவிடலாம். ஏஐ-யை வைத்து நிரப்பினால் அது எங்கேயோ இருக்கும் இந்தியக் கிராமத்து ஓட்டு வீட்டைக் கொண்டுவந்து டர்பன் மேட்டில் நிறுத்தும். பார்க்க அழகாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. பாதி காலியான வீட்டில் ஆயாவுக்கு வேலையும் இருக்கும்: 'இங்க ஒரு பெஞ்சு இருக்கணுமே' என்பார். முழுசாகக் கட்டிய வீட்டில் அவர் விருந்தாளி.

கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, ஏறக்குறைய 60,000 பேரை வெளியேற்றிய இடம். அருங்காட்சியகத்தை 1994இல் ஒரு பழைய சர்ச்சுக்குள் திறந்தார்கள். அங்கே தரை முழுக்கப் பழைய தெருக்களின் வரைபடம். முன்னால் குடியிருந்தவர்கள் வந்து குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதுவார்கள். நான் போயிருந்த அன்று வயதான அண்ணனும் தங்கையும், மூலைக்கடை தெருவின் எந்தப் பக்கம் என்று அந்த வரைபடத்தின் மேல் நின்றுகொண்டு சண்டை போட்டார்கள். ஹெட்செட் இல்லை, ஒரு பெயின்ட் வரைபடம்தான். அதில் நடக்க முடிகிறது, எழுத முடிகிறது, தகராறு செய்ய முடிகிறது. நான் பார்த்த வி.ஆர். வேலைகள் பலவற்றில் இந்த மூன்றும் கிடையாது. தங்கை இதைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்: ஆயா 'இல்லை, இந்தப் பக்கம்' என்று சொன்னால் அங்கேயே மரத்தைத் தூக்கி மாற்றிவைக்கிற வசதி. அழகைவிட அது பெரிது.

சின்ன விஷயம், ஆனால் வேலை செய்யும்: கண் உயரம். சிறுவயதில் ஆயா அந்த வீட்டைப் பார்த்தது ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து. நாற்காலியில் உட்கார்ந்த பாட்டியின் கண்ணும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதனால் மாடலில் பெரியவர் நிற்கும் உயரத்தை வைக்காமல் உட்கார்ந்த உயரத்தையே விடச் சொல்லுங்கள். கதவுத் தாழ்ப்பாள் அண்ணாந்து பார்க்கும் இடத்துக்குப் போகும். அடுப்பு மேடை பெரிதாகும். ஹெட்செட்டுக்குள் தூரங்கள் கொஞ்சம் சுருங்கித் தெரியும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. ஆயா 'இவ்வளவு கிட்டவா இருந்திச்சு?' என்றால் அளவு தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. 1949 ஜனவரியில் உங்கள் ஆயாவுக்கு ஏழெட்டு வயது. டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே அப்போது மூண்ட கலவரம் மிக மோசமாக எரிந்த இடங்களில் கேட்டோ மேனர் ஒன்று. இந்தியர்களின் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டன, பலர் அகதி முகாம்களுக்கு ஓடினார்கள். இறந்தவர்களில் இந்தியர்களைவிட ஆப்பிரிக்கர்கள் அதிகம். பிறகு அதே மேட்டிலிருந்து ஆப்பிரிக்கக் குடும்பங்களையும் க்வா-மாஷு குடியிருப்புக்கு லாரியில் ஏற்றினார்கள். உங்கள் குடும்பத்தில் அந்த இரவைப் பற்றி என்ன பேசினார்கள், பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஆசையாகக் கட்டும் வீட்டின் கட்டிலுக்கு அடியில் ஒரு குழந்தை ஒளிந்திருந்திருக்கலாம். வி.ஆரை வைத்துப் போர் அதிர்ச்சிக்கு வைத்தியம் செய்வது 1990களிலிருந்தே உண்டு. வியட்நாம் போரில் இருந்தவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காட்சிக்குள் கொண்டுபோனார்கள், ஆனால் பக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருந்தார், நோயாளிக்கு எங்கே போகிறோம் என்று தெரியும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக்குப் பிறகு குடும்பமே சுற்றி நின்று வீடியோ எடுப்பது அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே இரவு வெளிச்சம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், வெளியே ஆள் கூச்சல் வேண்டாம். பகல், காலை வெயில், சமையலறையிலிருந்து தொடங்குங்கள். பதிவின்போதே அந்த வருஷத்தைப் பற்றி ஏதாவது தட்டுப்பட்டால், கண்ணாடி போடுவதற்கு முன்னால் ஆயாவைப் பார்க்கும் டாக்டரிடமோ உளவியலாளரிடமோ ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

இறந்தவர்களை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். 2020இல் தென் கொரியத் தொலைக்காட்சி ஒன்றில், இறந்துபோன மகளை வி.ஆரில் வரவழைத்துத் தாயைச் சந்திக்க வைத்தார்கள். அந்தத் தாய்க்கு மகள் இல்லை என்பது நன்றாகத் தெரியும். உங்கள் ஆயாவுக்குத் தாத்தா இல்லை என்பது சில நாள் காலையில் தெரியாமல் போகிற கட்டம் வரும். உள்ளே தாத்தாவை நடக்கவிட்டால், கண்ணாடியைக் கழற்றிய பிறகு 'எங்கே போயிட்டார்?' என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

கண்ணாடி போடும் நாளில்: கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்காரவையுங்கள். நிற்க வேண்டாம், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். உள்ளே ஜாய்ஸ்டிக்கால் நகர்த்தாதீர்கள். கண் நகர்ந்து உடல் நகராவிட்டால் குமட்டும். ஓர் இடத்தில் உட்காரவைத்துச் சுற்றிப் பார்க்க விட்டு, அடுத்த அறைக்குப் போக வேண்டுமானால் இருட்டாக்கி அங்கே திறந்தால் போதும். முதல் தடவை ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதியில் வைஃபை போய் வீடு மறைந்தால் பயந்துவிடுவார். ஒருவர் அவர் கையைப் பிடித்திருக்கட்டும், அவர் பார்ப்பதை டிவியிலும் ஓடவிடுங்கள். அவர் பேசுவதை அன்றைக்கும் பதிவு செய்யுங்கள், ஆனால் தேதி போட்டு, பழைய பதிவுகளோடு கலக்காமல் தனியாக வையுங்கள். கண்ணாடிக்கு முன் சொன்னது வேறு, பின் சொன்னது வேறு. பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

"இது எங்க வீடில்லையே" என்று ஆயா சொன்னால் வாதாடாதீர்கள், உடனே கழற்றிவிடுங்கள். எது சரியில்லை என்று மறுநாள் மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை முதலில் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு தங்கையிடம் கொடுங்கள்.